அநாதையாய்க் கிடக்கும் வாடகை ஸ்கூட்டர்: உள்ளே இருக்கும் பேட்டரி யாருக்குச் சொந்தம்?

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பர்லிங்டன் என்று ஒரு சின்ன ஊர். 2022 கோடையில் அங்கே வாடகைக்கு விடப்பட்டிருந்த மின்சார சைக்கிள்கள் திடீரென்று வேலை செய்வதை நிறுத்திவிட்டன. ஆப்பைத் திறந்தால் பூட்டு விடவில்லை. நிறுவனத்துக்கு ஃபோன் போட்டால் எடுக்க ஆளில்லை, மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. நகரத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்த போல்ட் மொபிலிட்டி என்ற நிறுவனம் சொல்லாமல் கொள்ளாமல் கடையைச் சாத்திவிட்டுப் போயிருந்தது. ஓட்டப்பந்தய வீரர் உசைன் போல்ட் இணை நிறுவனராக இருந்த கம்பெனி அது. பேருக்கேற்ற வேகம்தான். ஐரோப்பாவில் டாக்சி விடும் போல்ட் வேறு, அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பர்லிங்டன் பகுதியில் மட்டும் ஏறக்குறைய 100 சைக்கிள்கள் அப்படியே நின்றன. கலிஃபோர்னியாவின் ரிச்மண்டிலும் ஓரிகானின் போர்ட்லண்டிலும் இதே கதை. ஒவ்வொரு வண்டிக்குள்ளும் ஒரு மோட்டார், ஒரு லித்தியம் பேட்டரி, ஒரு ஜிபிஎஸ், ஒரு சிம் கார்டு. எதுவும் கெட்டுப்போகவில்லை. அவற்றைத் திறக்கும் சர்வர் மட்டும் செத்துவிட்டது.

வாடகை ஸ்கூட்டர் தொழில் தொடங்கிய நாளிலிருந்து இந்த மாதிரிக் காட்சிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. இங்கே ஸ்கூட்டர் என்பது உட்கார்ந்து ஓட்டும் வண்டி அல்ல. ஒரு பலகை, அதன்மேல் நின்று பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி, முன்னும் பின்னும் சின்னச் சக்கரம். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து எடுக்கலாம், வேலை முடிந்ததும் நடைபாதையோரம் விட்டுவிட்டுப் போகலாம். 2017 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் பேர்ட் என்ற நிறுவனம் இதைத் தொடங்கியது. ஒரு வருடம்கூட ஆகவில்லை, 2018 ஜூனில் அதன் மதிப்பு 200 கோடி டாலர் என்றார்கள். 2023 செப்டம்பரில் நியூயார்க் பங்குச் சந்தை அதைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதே ஆண்டு டிசம்பர் 20 அன்று திவால் மனு. எம்ஐடியில் பிறந்த சூப்பர்பெடஸ்ட்ரியன் என்ற போட்டி நிறுவனமும் அந்த டிசம்பரோடு அமெரிக்காவில் மூடப்பட்டது.

கம்பெனி போய்விடும். வண்டி கிடக்கும். அதைப் பார்க்கும் எலெக்ட்ரானிக்ஸ் பைத்தியம் உள்ள யாருக்கும் கை அரிக்கத்தான் செய்யும்.

சரி, உள்ளே என்னதான் இருக்கு?

பேர்ட் தொடக்கத்தில் தெருவில் இறக்கிய ஸ்கூட்டர்களை அது சொந்தமாகச் செய்யவில்லை. ஷாவ்மியின் எம்365 என்ற மாடலை வாங்கி, தன் ஸ்டிக்கரை ஒட்டி, ஒரு கண்காணிப்புப் பெட்டியைச் சேர்த்து விட்டது. கடையில் யாரும் வாங்கக்கூடிய அதே வண்டி. அதனால்தான் அதன் உள்ளமைப்பு இன்று உலகம் முழுக்கத் தெரிந்த ரகசியம்.

நிற்கும் பலகைக்குக் கீழே நீளமான பேட்டரி பேக். அதில் 18650 வகை செல்கள் 30. இந்த எண் ஏதோ மாடல் நம்பர் இல்லை. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்ற அளவுதான். பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்துப் பார்த்தவர்களுக்கும் டார்ச் லைட் பிரியர்களுக்கும் பழக்கமான உருளை. மூன்று மூன்றாக இணையாகச் சேர்த்து, அந்தப் பத்துக் குழுக்களைத் தொடராகக் கோத்திருப்பார்கள். மொத்தம் 36 வோல்ட், சுமார் 280 வாட் அவர். இதை வீட்டுக் கணக்கில் சொன்னால், 9 வாட் எல்இடி பல்பு ஒன்றை ஒரு நாளுக்கும் மேல் அணையாமல் எரிக்கலாம். ஒரு சராசரி லேப்டாப் பேட்டரியைப்போல நான்கைந்து மடங்கு.

சக்கரத்துக்குள்ளேயே மோட்டார். 250 வாட், பிரஷ் இல்லாத வகை. தேய்வதற்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை, பேரிங்கைத் தவிர. கையால் சுற்றினால் மின்சாரம் வரும். அதனால் இதைக் கழற்றிச் சிறிய காற்றாலை செய்பவர்கள் உண்டு, தள்ளுவண்டிக்கு மாட்டுபவர்கள் உண்டு, கல்லூரி ரோபோவுக்குச் சக்கரமாக வைப்பவர்கள் உண்டு. மோட்டாரை இயக்குவது கன்ட்ரோலர் பலகை. பேட்டரியின் நேர்மின்சாரத்தை மூன்று கட்டமாக மாற்றி, சக்கரம் எந்த இடத்தில் நிற்கிறது என்று சென்சார் வழியே பார்த்து, சரியான கம்பிச் சுருளுக்குச் சரியான நொடியில் தள்ளுவது அதன் வேலை. அதிலிருக்கும் மூளை எஸ்டிஎம்32 வகை சிப். இன்ஜினீயரிங் புராஜெக்ட் செய்த பலர் கையில் தொட்டதுதான்.

இவை தவிர வாடகை நிறுவனம் சேர்த்த பெட்டி ஒன்று உண்டு. அதில் ஜிபிஎஸ், செல்ஃபோன் மோடம், சிம், வண்டி ஆடினால் கத்துவதற்கு ஒரு அதிர்வு சென்சார். இந்தப் பெட்டிதான் வாடகை வண்டியை வாடகை வண்டியாக ஆக்குவது. சர்வர் ‘ஓட்டலாம்’ என்றால் கன்ட்ரோலருக்குத் தகவல் கொடுக்கும். இல்லையென்றால் சக்கரம் இறுகிக்கொள்ளும்.

அந்தச் சிம்மைப் பற்றி ஒரு வார்த்தை. டேட்டா இலவசம் என்று எடுத்துப் போட்டுக்கொள்ளும் ஆசை புதிதல்ல. 2011ல் தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க்கில் போக்குவரத்து சிக்னல்களுக்குள் இருந்த சிம்களைத் திருடிப் பேசித் தீர்த்தார்கள். நூற்றுக்கணக்கான சிக்னல்கள் படுத்துவிட்டன, பில் நகராட்சிக்குப் போனது. சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கணக்கில்தான் ஏறும். அது திருட்டு, வேறு பெயரே கிடையாது.

30 டாலரில் விடுதலை

2018 மார்ச்சில் சான் ஃபிரான்சிஸ்கோவில் பேர்ட், லைம், ஸ்பின் மூன்றும் அனுமதி கேட்காமலேயே ஸ்கூட்டர்களைத் தெருவில் இறக்கின. நகரம் அவற்றைப் பிடித்துக்கொண்டு போய் அடைத்தது. மற்ற ஊர்களிலும் நகராட்சியும் தனியார் இழுவை வண்டிக்காரர்களும் இப்படிப் பிடித்து வைத்தார்கள். மீட்க வராதவை ஏலத்துக்குப் போயின. ஏலத்தில் எடுத்தவர் கையில் ஒரு வண்டி இருக்கிறது, சட்டப்படி அவருடையதுதான், ஆனால் பேர்டின் ஆப் இல்லாமல் நகராது.

இதற்குச் சந்தை ஒரு வழி கண்டுபிடித்தது. ஏறக்குறைய 30 டாலருக்குச் சீனாவிலிருந்து ஒரு கிட். பழைய பலகையைக் கழற்றி எறிந்துவிட்டு இதைப் பொருத்தினால் சாதாரண சொந்த ஸ்கூட்டர். ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்தவர் செய்துவிடலாம்.

2018 டிசம்பரில் எழுத்தாளர் கோரி டாக்டரோ, போயிங் போயிங் தளத்தில் இதைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். கிட்டை அவர் விற்கவில்லை. இப்படி ஒன்று இருக்கிறது என்று மட்டும் சொன்னார். பேர்டின் வழக்கறிஞரிடமிருந்து நோட்டீஸ் வந்தது: பதிவை நீக்கு. காரணமாகக் காட்டியது 1998ஆம் ஆண்டின் டிஎம்சிஏ சட்டத்தின் 1201ஆம் பிரிவை. சினிமா டிவிடியின் பூட்டை உடைத்துத் திருட்டு விசிடி போடுவதைத் தடுக்க வந்த பிரிவு அது. ஸ்கூட்டருக்கு எங்கே பொருந்தும்?

டாக்டரோவுக்காக எலெக்ட்ரானிக் ஃபிரன்டியர் ஃபவுண்டேஷன் 2019 ஜனவரியில் பதில் எழுதியது. பேர்டின் மென்பொருள் பூட்டை யாரும் உடைக்கவில்லை, பூட்டு இருந்த பலகையையே கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். அதைப் பற்றிச் செய்தி எழுதுவது எந்த வகையிலும் குற்றமாகாது என்பது வாதம். பேர்ட் பின்வாங்கியது, நோட்டீஸ் தவறுதலாகப் போய்விட்டது என்றது.

அந்தச் சண்டை சிரிப்பாக முடிந்தாலும் அதற்குள் இருந்த கேள்வி தீரவில்லை. முதல் தலைமுறை வண்டிகள் கடைச் சரக்கு. பலகை மாற்றினால் போதும். பிறகு வந்தவை நிறுவனங்களே வடிவமைத்தவை. பேட்டரி, கன்ட்ரோலர், கண்காணிப்புப் பெட்டி எல்லாம் ஒன்றுக்கொன்று அடையாளம் கேட்டுக்கொண்டுதான் பேசும். சூப்பர்பெடஸ்ட்ரியன் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கான ஸ்கூட்டர்கள் ஏலத்துக்கு வந்தன. பேசுவதற்குச் சர்வர் இல்லாத நிலையில் வாங்கியவருக்குக் கிடைத்தது வண்டி அல்ல, உதிரிபாகங்களின் மூட்டை. மோட்டாருக்கு முதலாளி யார் என்று தெரியாது என்பது ஒன்றுதான் ஆறுதல். பொதுவான கன்ட்ரோலர் ஒன்றை மாட்டினால் அது சுற்றும். பூட்டெல்லாம் மூளையில்தான்.

‘சும்மாதானே கிடக்கு, எடுத்தா என்ன?’

இந்த இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். மாதக்கணக்கில் புதரில் கிடந்தாலும் அது உரிமையாளர் இல்லாத பொருள் ஆகிவிடாது. கைவிடப்பட்டது என்று சட்டம் ஒப்புக்கொள்ள, உரிமையாளர் அதை விட்டுவிட நினைத்தார் என்பது தெரிய வேண்டும். நிறுவனம் திவாலானால் இன்னும் சிக்கல். அப்போது ஒவ்வொரு ஸ்கூட்டரும் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டிய சொத்துக் கணக்கில் வந்துவிடுகிறது. துருப்பிடித்த வண்டியாக இருந்தாலும் ஏட்டில் அதற்கு ஒரு வரி உண்டு.

ஆக நேர்வழி என்பது ஏலம், அல்லது நகராட்சியோ நிறுவனமோ எழுதிக் கொடுக்கும் அனுமதி. இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் தெருவில் கிடப்பதை எடுப்பது சரி என்றால், ஓடிக்கொண்டிருக்கும் நிறுவனத்தின் வண்டிக்கும் செத்த நிறுவனத்தின் வண்டிக்கும் வித்தியாசம் பார்ப்பது யார்? ராத்திரியில் ஸ்பேனரோடு வருபவர் பார்க்க மாட்டார்.

அதே நேரம் அரசுத் தரப்பின் மெத்தனத்தையும் சொல்ல வேண்டும். வண்டியைப் பிடித்து, நோட்டீஸ் ஒட்டி, காத்திருந்து, ஏலம் விடுவதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன. அந்த மாதங்கள்தான் பேட்டரியைக் கொல்பவை.

பேட்டரி எப்படிச் சாகிறது?

லித்தியம் அயான் செல் ஒன்று முழுதாகச் சார்ஜ் ஆனால் 4.2 வோல்ட். வேலை செய்யும்போது 3.6 வோல்ட் அளவில் இருக்கும். 2.5 வோல்ட்டுக்குக் கீழே போகவிடக் கூடாது. ஓட்டாமல் வைத்த வண்டியிலும் மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். பேட்டரியைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் பலகை கொஞ்சம் குடிக்கும், ‘நான் இங்கே இருக்கேன்’ என்று சர்வருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் மோடம் நிறையக் குடிக்கும். பதில் சொல்ல யாரும் இல்லை என்று அதற்குத் தெரியாதே.

மின்னழுத்தம் மிகக் கீழே இறங்கினால் செல்லுக்குள் எதிர்முனைத் தகடாக இருக்கும் செம்பு கரையத் தொடங்குகிறது. திரும்பச் சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு கண்ட இடத்தில் படிகிறது. இரண்டு முனைகளுக்கும் இடையிலுள்ள மெல்லிய தடுப்பை அது தாண்டிவிட்டால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட். செல் சூடாகும், சூடு பக்கத்துச் செல்லுக்குப் பரவும். 30 செல் உள்ள பேக்கில் ஒன்று போதும். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும், மல்டிமீட்டர் ‘சார்ஜ் ஏறுது’ என்றுதான் காட்டும். ஆபத்து இரண்டு வாரம் கழித்துப் படுக்கையறையில் வரும்.

தண்ணீரில் கிடந்தவை தனிக்கதை. கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் மெரிட் ஏரி என்ற உப்புநீர் ஏரி உண்டு. ஸ்கூட்டர் வந்த புதிதில் கடுப்பானவர்களும் குறும்புக்காரர்களும் அவற்றைத் தூக்கி அதில் எறிந்தார்கள். டஜன் கணக்கில் மீட்டெடுக்க வேண்டியிருந்தது. உப்புநீர் பட்ட பேட்டரி பேக்கில் காப்பாற்ற ஒன்றுமில்லை. காயவைத்தால் சரியாகிவிடும் என்பது ஃபோனை அரிசிக்குள் புதைக்கும் வைத்தியம் மாதிரி.

நியூயார்க் தீயணைப்புத் துறையின் கணக்கு இதைப் பச்சையாகச் சொல்கிறது. 2023ல் மட்டும் அந்த நகரில் லித்தியம் பேட்டரியால் 268 தீ விபத்துகள், 18 உயிர்கள். பெரும்பாலும் உணவு டெலிவரி செய்பவர்களும் அவர்களைப் போன்ற எளியவர்களும் வாழும் நெரிசலான குடியிருப்புகளின் பிரச்சினை இது. புது பேட்டரி விலை கட்டாதபோது, பழைய செல்களைச் சேர்த்துக் கட்டிய மலிவு பேக்கைத்தான் வாங்குவார்கள். அதனால் அதே ஆண்டு நியூயார்க் நகரம் சட்டம் போட்டது: பயன்படுத்திய பேட்டரிகளிலிருந்து எடுத்த செல்களைக் கொண்டு புதிய பேக் தயாரிக்கவோ விற்கவோ கூடாது.

மறுபயன்பாட்டை விரும்புபவர்களுக்கு இந்தத் தடை கசக்கும். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நியூயார்க்கின் பக்கம்தான் நியாயம் அதிகம். அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒருவரின் பொழுதுபோக்கு பத்துக் குடும்பங்களின் தலைக்கு வரக் கூடாது. செல்களை ஒழுங்காகச் சோதிப்பது முடியாத காரியம் இல்லை. பத்துக் குழுக்களின் மின்னழுத்தத்தையும் தனித்தனியே அளந்து, ஒன்று மட்டும் விலகி நின்றால் பேக்கையே ஒதுக்கி, மிச்சத்தைச் சார்ஜ் செய்து, வாரக்கணக்கில் வைத்துக் கசிகிறதா என்று பார்த்து, முழுதாக இறக்கிக் கொள்ளளவை அளந்து… இதற்குக் கருவியும் பொறுமையும் தீப்பிடித்தால் பாதிப்பு வராத இடமும் வேண்டும். ரிச்சி தெருவில் பத்து வருஷம் பேட்டரி கட்டியவர்கூட, எங்கே கிடந்தது என்று தெரியாத பேக்கைத் தொட யோசிப்பார். மோட்டாரையும் கன்ட்ரோலரையும் எடுத்துக்கொள்ளுங்கள், பேட்டரியை மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடுங்கள் என்பதுதான் வீட்டில் செய்பவருக்குச் சொல்லத் தக்கது.

அப்புறம் எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்?

இந்த வண்டிகள் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று சொல்லித்தான் விற்கப்பட்டன. 2019ல் குவார்ட்ஸ் இதழ், லூயிவில் நகரம் வெளியிட்ட பயணத் தரவுகளைப் பிரித்துப் பார்த்தது. ஒரு ஸ்கூட்டரின் சராசரி ஆயுள் 28.8 நாள் என்று வந்தது. ஒரு மாதம்கூட இல்லை. மாட்டிய டயர் தேயும் முன் வண்டி தேய்ந்துவிட்டது. பின்னர் வந்த மாடல்கள் இதைவிட எவ்வளவோ உறுதியானவை, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

2019ல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு இன்னொரு கோணத்தைக் காட்டியது. வாடகை ஸ்கூட்டரில் ஒருவர் ஒரு மைல் போனால் ஏறக்குறைய 202 கிராம் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான மாசு. நல்ல கூட்டத்தோடு போகும் பேருந்து இதைவிடக் குறைவு. இந்த 202 கிராமில் சார்ஜ் செய்யும் மின்சாரத்தின் பங்கு 5 சதவீதத்துக்கும் கீழே. பாதி, வண்டியைத் தயாரிப்பதிலேயே வந்துவிடுகிறது. 43 சதவீதம், ராத்திரியில் அவற்றை வேனில் அள்ளிக்கொண்டு போய்ச் சார்ஜ் செய்து திரும்ப வைப்பதில்.

அதாவது அலுமினியச் சட்டமும் மோட்டாரும் பேட்டரியும் செய்து முடித்த அன்றே கடனில் பாதி ஏறிவிட்டது. அதை அடைக்க ஒரே வழி, அந்தப் பாகங்கள் நீண்ட நாள் உழைப்பது. நசுக்கிக் காயலாங்கடைக்குப் போட்டால் உலோகம் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். மோட்டாரை மோட்டாராகவே இன்னும் ஐந்து வருஷம் ஓடவிட்டால் கிடைப்பது அதைவிடப் பல மடங்கு. 2020ல் ஊபர் தன் ஜம்ப் சைக்கிள் பிரிவை லைமிடம் ஒப்படைத்தபோது ஆயிரக்கணக்கான மின்சார சைக்கிள்கள் நசுக்கப்பட்டன. அந்த வீடியோவைப் பார்த்துப் பலர் கொதித்தது வெறும் உணர்ச்சிவசப்பட்டு அல்ல.

உயிரோடு இருக்கும் நிறுவனம் இப்படி விட்டுவிட்டு ஓட வேண்டியதில்லை. பாரிஸில் 2023 ஏப்ரலில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்கள் குறைவு என்றாலும், அவர்களில் 89 சதவீதம் பேர் வாடகை ஸ்கூட்டர் வேண்டாம் என்றார்கள். செப்டம்பர் தொடக்கத்துக்குள் சுமார் 15,000 வண்டிகள் தெருவிலிருந்து போயின. அவை வேறு ஊர்களில் வேலைக்குச் சேர்ந்தன. கெட்ட செய்தியெல்லாம் நிறுவனம் சாகும்போது மட்டும்தான். அப்படியானால் அதற்கான ஏற்பாடு, நிறுவனம் நன்றாக இருக்கும்போதே செய்து வைக்கப்பட வேண்டியது.

என்ன செய்யலாம்?

அனுமதி கொடுக்கும்போதே வண்டிக்கு இவ்வளவு என்று வைப்புத் தொகை வாங்கலாம். வீடு வாடகைக்கு விடுபவர் அட்வான்ஸ் வாங்குவதில்லையா? நிறுவனம் மறைந்தால் அந்தப் பணத்தில் நகரமே அள்ளி, பேட்டரி சாவதற்குள் பிரித்துவிடலாம். இதைவிட முக்கியம் சாவி. வண்டியைத் திறக்கும் மென்பொருள் சாவியின் பிரதி ஒன்று மூன்றாம் ஒருவரிடம் இருக்க வேண்டும். நிறுவனம் மூடினால் அது வெளியே வர வேண்டும். 2023 ஜூலையில் நெதர்லாந்தின் வான்மூஃப் திவாலானபோது, சொந்தப் பணத்தில் ஆயிரக்கணக்கான யூரோ கொடுத்து மின்சார சைக்கிள் வாங்கியவர்களே சர்வர் நின்றால் வண்டி என்னாகுமோ என்று பதறினார்கள். காப்பாற்றியது போட்டி நிறுவனமான பெல்ஜியத்தின் கவ்பாய். சாவியைச் சர்வரிலிருந்து இறக்கி ஃபோனில் வைத்துக்கொள்ள ஒரு ஆப்பைச் செய்து கொடுத்தது. எதிராளியின் தயவை நம்பி ஒரு நகரத்தின் போக்குவரத்தை நடத்த முடியாது.

ஐரோப்பிய ஒன்றியம் பாதி தூரம் வந்திருக்கிறது. 2023ல் வந்த அதன் புதிய பேட்டரி ஒழுங்குமுறை, மின்சார ஸ்கூட்டர், சைக்கிள் பேட்டரிகளுக்கென்றே தனி வகை வைத்திருக்கிறது. சுதந்திரமாக வேலை செய்யும் மெக்கானிக் ஒருவர் அவற்றைக் கழற்றி மாற்றும்படி வடிவமைக்க வேண்டும் என்ற விதி 2027 பிப்ரவரியில் நடைமுறைக்கு வருகிறது. பேட்டரியின் உடல்நிலை எப்படி என்று பிஎம்எஸ்ஸில் பதிவாகும் தகவலை, வாங்கியவரும் அவர் சார்பில் வருபவரும் படிக்கவும் வழி வைக்கிறது. 2028 இறுதிக்குள் இந்த வகைக் கழிவு பேட்டரிகளில் 51 சதவீதம், 2031க்குள் 61 சதவீதம் சேகரிக்கப்பட வேண்டும். இதில் பிஎம்எஸ் தகவல் பற்றிய விதிதான் பிரித்தெடுப்பவருக்குப் பெரிய வரம். எத்தனை முறை சார்ஜ் ஆனது, எவ்வளவு தேய்ந்தது என்பது தெரிந்தால் ஊகிக்க வேண்டியதில்லை. நல்லது எது, குப்பை எது என்று நிமிடத்தில் பிரிக்கலாம். செத்த சர்வரின் பூட்டை என்ன செய்வது என்பதற்குத்தான் அங்கேயும் இன்னும் தெளிவான பதில் இல்லை.

அதுவரை ஏலத்தில் ஒன்று எடுக்க நினைப்பவர், விலையைக் கேட்பதற்கு முன் மூன்று விஷயங்களைக் கேட்டுவிடுவது நல்லது. எந்த மாடல்: கடைச் சரக்கா, நிறுவனத்தின் சொந்த வடிவமைப்பா. எவ்வளவு நாள் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. தண்ணீர் பட்டதா. மூன்றாவதற்கு ‘தெரியாது’ என்று பதில் வந்தால் பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டுதான் கேட்க வேண்டும். வாங்கியபின் ரசீதில் வண்டியின் சீரியல் எண் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்; ஸ்டிக்கரை எவ்வளவு சுரண்டினாலும் அது பேர்ட் வண்டி என்பது தெருவில் பார்க்கும் போலீஸ்காரருக்குத் தெரியும், அந்தக் காகிதம் ஒன்றுதான் அப்போது பேசும்.